தெய்வானையம்மாள் வேகமாக வாசித்த காலை

முருகேசன் போன் செய்தபோது நான் சங்ககிரி பேருந்து நிலையத்தில் ஈரோட்டு பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். "அக்கா போயிட்டாங்க சார். நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறப்பவே, காவேரிப் பாலம் தாண்டறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு," என்றார். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. குமாரபாளையத்தில் அந்தத் தறித்தெருவில் அவர் அக்கா என்று அழைத்து நான் அறிந்தவர் தெய்வானையம்மாள் ஒருவர்தான். நான் திகைத்தது சாவுச் செய்திக்காக மட்டுமல்ல. அதைச் சொல்கிறவர் முருகேசன் என்பதற்காகவும்தான். சுவர் ஒட்டிய பக்கத்து வீட்டுக்காரரான அவர், கோர்ட்டில் ஒரு நாள் நடந்ததற்குப் பிறகு தெய்வானையம்மாளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

தெய்வானையம்மாளை அறிந்தவர்களில் பலருக்கு அவர் கொலை வழக்கின் சாட்சி. சிலருக்கு அவர் அதிகாலையில் ஆர்மோனியம் வாசித்த அம்மா. இரண்டும் ஒரே கையால் ஆனவை என்பதால் இதை எழுதுகிறேன்.

அவருடைய கணவர் பழனிவேல் சொந்தத் தறிக்கொட்டகை வைத்திருந்தார். தெருக்கோடியில் ஒரு சாயப்பட்டறை கழிவுநீரைக் குடிநீர்க் கிணற்றுப் பக்கம் திறந்துவிட்டபோது, அவர் புகார் கொடுத்தார். மிரட்டிப் பார்த்தார்கள். அவர் மறுபடியும் புகார் கொடுத்தார். ஒரு பிற்பகல், தெரு முழுக்கத் தறிகள் ஓடிக்கொண்டிருந்த வேளையில், அரிவாளுடன் இரண்டு பேர் அவருடைய கொட்டகைக்குள் நுழைந்தார்கள். பட்டறை முதலாளியின் மச்சான் வாசலில் பைக்கை அணைக்காமல் நின்றான்.

தெய்வானையம்மாள் முன்பக்கம் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். பிற்பாடு, பத்திரிகைக்கு எழுத வந்த என்னிடம் அவர் சொன்னது இது: "அவரு வாய் தெறந்தது தெரிஞ்சுதுங்க. சத்தம் கேக்கலீங்க. தறிச் சத்தத்துல எப்பவும் அப்படித்தான் பேசிக்குவோம், வாயப் பாத்து. ஏதோ நூல் அந்துபோச்சு, கூப்புடறாருன்னு நெனைச்சுட்டுப் போனேன்." உள்ளே போனபோது இரண்டாவது வெட்டு விழுந்துகொண்டிருந்தது. குறுக்கே வலது கையை நீட்டினார். அரிவாள் உள்ளங்கையை மணிக்கட்டு வரை பிளந்தது. பழனிவேல் தறியின் மேல் சரிந்தார். மோட்டார் நிற்கவில்லை. அவருடைய ரத்தத்தையும் சேர்த்து அந்தத் தறி நெய்துகொண்டே போனது. போலீஸார் அந்தத் துணியைச் சான்றுப்பொருளாக எடுத்துப் போனார்கள். கோர்ட்டில் அதை விரித்தபோது பார்த்தேன். கரை போட்ட இடத்தில் பழுப்பு நிறம் சீராக, இழை இழையாக ஏறியிருந்தது.

வெட்டியவர்கள் பைக்கில் ஏறிப் போகும்வரை தெய்வானையம்மாள் கத்தியும் யாரும் வரவில்லை. அவர் இடது கையால் மெயின் சுவிட்சை இறக்கினார். கொட்டகை நின்றது. அதற்குப் பிறகுதான் தெரு திரும்பிப் பார்த்தது. அந்தத் தெருவில் சத்தம் யாரையும் அழைக்காது. ஓடுகிற ஒன்று நின்றால்தான் ஆள் வரும்.

நரம்பைத் தைத்து அனுப்பினார்கள். விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. பயிற்சிக்காக ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். சில நாள் அமுக்கியவர் அதைக் கூரைமேல் வீசி எறிந்தார். ஏன் என்று கேட்டேன். "அமுக்கறப்பெல்லாம் அவனுக கழுத்த நெரிக்கற மாதிரியே இருந்துச்சுங்க. கை இன்னும் இறுகிப்போச்சு," என்றார்.

வீட்டில் ஒரு ஆர்மோனியம் இருந்தது. மார்கழி பஜனைக்குப் பழனிவேல் வாசிப்பது. தெய்வானையம்மாள் அதைத் துடைத்திருக்கிறாரே தவிர வாசித்ததில்லை. பஜனைக் கோஷ்டியில் ஒருவரிடம் சங்கீதத்தின் முதல் பாடமான சரளி வரிசையை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தொடக்கத்தில் அதையும் ஒரு சண்டையாகத்தான் நடத்தினார். காலையில் தொடங்கினால் மதியச் சோறு வரை கட்டைகளைக் குத்துவார். ஒரு கட்டை உடைந்தது. கை வீங்கி, தையல் போட்ட இடத்தில் நீர் கோத்து, வாரக்கணக்கில் தொடவே முடியாமல் போயிற்று. அந்த வாரங்களில்தான் அவருக்குப் புரிந்திருக்கிறது. "ஒரு நாள் வாசிக்கலீன்னா மறுநாள் சேத்து வெச்சு வாசிக்கக் கூடாதுங்க. அது பழிவாங்கறது. கை பழிவாங்க ஆரம்பிச்சா மறுபடி மடங்கிக்கும்." நான் கேட்ட அவருடைய வாசகங்களில் அடிக்கடி நினைவுக்கு வருவது இதுதான்.

வீக்கம் வடிந்த பிறகு ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டார். இரவு ஷிப்ட் முடிந்து பகல் ஷிப்ட் ஏறுவதற்கு நடுவே தெருவில் தறிகள் ஓயும் சிறு இடைவெளி உண்டு. அந்த நேரத்தில்தான் வாசிப்பார். முந்தின நாள் எது பிசகியதோ அதில்தான் தொடங்குவார். கை இன்னும் கொஞ்சம் கேட்கும்போதே எழுந்துவிடுவார். பெட்டியை மூடவே மாட்டார். தூசு படாமல் ஒரு துண்டை மட்டும் போட்டிருப்பார். "மூடி வெச்சா தெறக்கறதுக்கே ஒரு மனசு வேணுமுங்க. தெறந்து கெடந்தா கை தானா போகும்." எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் காலத்தை விட்டு அவர் நகரவில்லை. வரிசைகளை மெதுவாக, ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கும்படி வாசிப்பது முதல் காலம். அதையே இரண்டு மடங்கு வேகத்தில் வாசித்தால் இரண்டாம் காலம். பஜனைக் கோஷ்டியில் பழக வந்த பிள்ளைகள்கூட இரண்டாம் காலத்துக்குப் போய்விட்டார்கள். முருகேசன் கேலி செய்வார்.

"ஏனக்கா, எப்பத்தான் கியர மாத்துவீங்க? லாரிக்காரன் கூட மேட்டுல இதவிட வெரசா போறான்."

"மேட்டுல கியர் மாத்துனவன் எத்தனை பேரு பள்ளத்துல கெடக்கறான்னு உனக்குத் தெரியாதா சாமி?"

வழக்கின் விசாரணை நெருங்கியது. கண்ணால் பார்த்த சாட்சி அவர் ஒருவர்தான். வீட்டுக்குள் வெட்டிய ஆட்டுத் தலையை வீசினார்கள். கொட்டகைக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள். விசாரணை அதிகாரி வந்து அவரிடம் பேசிய அன்று நானும் அங்கே இருந்தேன். "நீங்க எப்ப எங்க உக்காந்திருப்பீங்கன்னு ஊருக்கே தெரியுதும்மா. உங்களக் கொல்ல வர்றவனுக்கு இதவிட என்ன வேணும்? நேரத்த மாத்துங்க. இல்லீன்னா கேசு முடியற வரைக்கும் விட்டுருங்க," என்றார் அவர்.

அதிகாரி சொன்னதில் தவறில்லை. பகை உள்ளவன் ஒரே வழியில் போகக் கூடாது, ஒரே நேரத்தில் எங்கும் இருக்கக் கூடாது என்பது பாலபாடம். அதை மீறியவர்களின் உடல்களை நான் சாலையோரங்களில் பார்த்திருக்கிறேன். தெய்வானையம்மாள் மறுத்துவிட்டார். "அவனுகளுக்குத் தெரிஞ்ச நேரந்தானுங்க தெருவுக்கும் தெரிஞ்ச நேரம். பாதியில நின்னா பத்து ஊட்டுக்காரங்க எந்திரிச்சு வருவாங்க. நேரத்த மாத்துனா நின்னது யாருக்குத் தெரியும்?"

அது வெறும் பேச்சில்லை என்பது விரைவிலேயே தெரிந்தது. ஒரு காலை வாசிப்பு நடுவில் நின்றது. முருகேசன் இரும்புக் கம்பியுடன் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே போனார், பின்னால் இன்னும் சிலர். தெய்வானையம்மாள் சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி குடிக்கறதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாக்கா?"

"இருமல் சொல்லிட்டா வருது? மொதல்ல அந்தக் கம்பியக் கீழ வை. கதவுக்கு யாரு தாழ் போட்டுத் தருவா?"

சாட்சி சொல்லும் நாளுக்குச் சில வாரங்கள் முன்னால் அவர்கள் வந்தார்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் சோற்றுத் தூக்குப்போசியுடன் நடந்து வந்த இரண்டு பேரை யாரும் புதியவர்களாகப் பார்க்கவில்லை. ஒருவன் நடுவயதுக்காரன், மற்றவன் மீசை அரும்பிய இளைஞன். இருவரும் உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினார்கள். மூத்தவன் அரிவாளை அவர் பிடரியில் வைத்துச் சொன்னது, போலீஸிடம் அவர் கொடுத்த வாக்குமூலத்தில் அப்படியே இருக்கிறது: "நிறுத்தாத. நின்னா வருவானுகன்னு எங்களுக்கும் தெரியும். வாசிச்சுக்கிட்டே கேளு."

அவர் வாசித்தார். கோர்ட்டில் மயங்கிவிட்டதாகவும் முகம் எதையும் பார்க்கவில்லை என்றும் சொல்ல வேண்டும் என்றான். அவர் பதில் சொல்லவில்லை. இளையவன் அவருடைய காதுத் தோட்டைப் பிடித்து இழுத்தான். மடல் கிழிந்து தோடு அவன் கையோடு போயிற்று. ரத்தம் கழுத்தில் வடிந்து கட்டைகளின் மேல் சொட்டியது. வழுக்குகிற கட்டைகளின் மேல் விரல்களை வைத்து, அவர் அதுவரை ஒரு நாளும் வாசிக்காத இரண்டாம் காலத்துக்குப் போனார். பிறகு அதையும் இரட்டித்தார். சுரங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. வந்தவர்களுக்கு அது வெறும் ஆர்மோனியச் சத்தம். ஓடிக்கொண்டிருந்தது, நிற்கவில்லை, அவ்வளவுதான்.

முருகேசன் வெளிக்குழாயில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். "அக்கா வெரசா ஓட்டறாங்கன்னு தெரிஞ்சுது சார். இத்தனை நாளா நவுராத மனுசி ஓட்டறாங்க. வாயக் கூடக் கொப்பளிக்கல." கதவை உடைத்துக்கொண்டு முதலில் போனவர் அவர்தான். பிடரியிலிருந்து எழுந்த அரிவாள் அவருடைய இடது முழங்கையை எலும்பு தெரிய வெட்டியது. வெட்டியவன் பின்சுவர் ஏறித் தப்பினான். இளையவன் மாட்டிக்கொண்டான்.

அதற்குப் பிறகு நடந்ததையும் எழுத வேண்டும். அவனைக் கொட்டகைத் தூணில் பாவு நூலால் கட்டினார்கள். கட்டிய பிறகு அடித்தார்கள். வேலைக்கு வந்தவர்கள், வேலை முடித்துப் போனவர்கள், கிழிந்த காதையும் தொங்கிய கையையும் பார்த்தவர்கள் எல்லோரும் அடித்தார்கள். முருகேசன் வெட்டுப்படாத கையால் கம்பியை எடுத்தார். அவனுடைய முழங்கால் உடைந்தது. ஒரு கண் போனது. அவன் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். தெய்வானையம்மாள் போதும் போதும் என்று கத்தியிருக்கிறார். "அன்னைக்குத் தறி ஓடலீங்க. ஆனாலும் நான் கத்துனது ஒருத்தருக்கும் கேக்கலீங்க," என்றார் என்னிடம்.

போலீஸ் கேட்டபோது, பிடிபட்டவன் தப்பி ஓடப் பார்த்துச் சுவரிலிருந்து விழுந்து அடிபட்டான் என்று தெரு முழுவதும் ஒரே வாயாகச் சொன்னது. அப்படியே எழுதப்பட்டது. தெய்வானையம்மாளை அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கேட்டவர் எதிர்த்தரப்பு வக்கீல். சாட்சிக் கூண்டில் தெய்வானையம்மாள் கணவரை வெட்டிய இருவரையும், வாசலில் நின்றவனையும் அடையாளம் காட்டி முடித்திருந்தார். வக்கீல் நிதானமாக எழுந்தார்.

"தினமும் ஆர்மோனியம் பழகுறீங்க. அதே மாதிரி இந்தச் சாட்சியத்தையும் பழகிட்டு வந்திருக்கீங்க. அப்படித்தானேம்மா?"

"ஆர்மோனியம் பழகியும் எனக்கு இன்னும் பிசகுதுங்கய்யா. இது பிசகாதுங்க. இத நான் பழகல, பாத்தேன்."

சிலர் சிரித்தார்கள். வக்கீலும் சிரித்தார். அவர் விரித்திருந்த வலை அதுவல்ல. அடுத்த கேள்வியைக் கேட்டார்: "உங்க வீட்டுல பிடிபட்ட பையன் சுவத்துல இருந்து விழுந்துதான் கண்ணு போச்சா?"

வக்கீல் கையில் அந்தப் பையனின் ஆஸ்பத்திரிக் குறிப்பு இருந்தது, மணிக்கட்டில் நூல் அறுத்த தழும்பைப் பற்றிய வரியோடு. ஆம் என்றால் தெய்வானையம்மாள் பொய் சாட்சி. பழனிவேலைப் பற்றி அதுவரை அவர் சொன்ன எதுவும் நிற்காது. இல்லை என்றால் முருகேசனும் தெருக்காரர்களும் உள்ளே போக வேண்டும். இப்படி ஒரு கேள்வி வரும் என்று அரசு வக்கீல் எதிர்பார்த்திருந்தார். "மயக்கமா இருந்துச்சு, கவனிக்கலன்னு சொல்லிருங்கம்மா. அது போதும்," என்று வராந்தாவில் என் காதுபடவே அவரிடம் சொல்லியிருந்தார். மயங்கிவிட்டேன் என்று சொல்லச் சொல்லித்தான் பிடரியில் அரிவாள் வைத்தவனும் கேட்டிருந்தான். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவருக்கு உறைத்திருக்கிறது.

கையில் கட்டுடன் கடைசி வரிசையில் இருந்த முருகேசனை அவர் பார்த்தார். பிறகு நீதிபதியிடம் திரும்பினார். "இல்லீங்கய்யா. கட்டி வெச்சு அடிச்சாங்க. போதும்னு சொன்னேன், நிறுத்தல."

"யார் அடிச்சது?"

அவர் பெயர்களைச் சொன்னார். முதலில் முருகேசன் பெயரைச் சொன்னார். "என்ற உசுரக் காப்பாத்துனவருங்கய்யா. அதையும் எழுதிக்கோங்க," என்றார்.

கொலையாளிகள் மூவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தச் சாட்சியம் குறுக்கு விசாரணையில் அசையவில்லை என்று தீர்ப்பில் எழுதியிருந்தார்கள். முருகேசன் மீதும் இன்னும் சிலர் மீதும் வழக்குப் பதிவானது. அதற்கும் முதல் சாட்சி தெய்வானையம்மாள்தான்.

தெரு அவரோடு பேசுவதை நிறுத்தியது. குழாயடியில் அவர் குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். முருகேசனின் மனைவி வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினார். முருகேசனின் வாய்தா நாட்களில் தெய்வானையம்மாள் கோர்ட்டுக்கு வந்து, வேப்பமரத்தடியில் அவருக்கான சோற்றுப் பொட்டலத்துடன் உட்கார்ந்திருப்பார். முருகேசன் அதைத் தாண்டி நடப்பார்.

அப்படி ஒரு நாளுக்கு மறுநாள் காலை அந்தத் தெருவுக்குப் போனேன். தறிகள் ஓய்ந்திருந்தன. அவர் வாசித்துக்கொண்டிருந்தார், அதே முதல் காலம். முடிக்கும்வரை காத்திருந்து கேட்டேன்: "இப்ப பாதியில நின்னா யாரும்மா வருவா?"

"ஒருத்தரும் வர மாட்டாங்க சாமி."

"அப்புறம் ஏன் இதே நேரத்துல?"

"நீங்களும் அந்த ஆபீசராட்டவே கேக்கறீங்க. காவலுக்கா வாசிச்சேன்? இந்த வெரலப் பாருங்க, பக்கத்து வெரலு இல்லாம இன்னும் தனியா எந்திரிக்க மாட்டேங்குது. அதுக்கு இந்த நேரம் பழகிருச்சு. ஊர்க்கோவத்துக்கு அது என்ன பண்ணும்?" என்றவர், அந்த விரலைக் கட்டையின் மேல் வைத்து எனக்குத் தூக்கிக் காட்டினார். கொஞ்சம்தான் எழுந்தது.

அடக்கத்துக்குப் போனபோது தெருவில் எல்லாத் தறிகளும் நிறுத்தப்பட்டிருந்தன. மரியாதைக்கா, வழக்கப்படியா என்று நான் விசாரிக்கவில்லை. பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்திருந்தவர் முருகேசன். முழங்கை முழுதாக மடங்காததால் மூங்கிலை மணிக்கட்டில் தாங்கியிருந்தார். காரியம் முடிந்து ஆற்றில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"காலைல வக்கீலு போன் பண்ணாருங்க சார். மொதல் சாட்சி போயிருச்சு, இனி நம்ம கேசு நிக்காதுன்னாரு. சிரிச்சாரு."

தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"எனக்கு நிம்மதியா இருந்துச்சுங்க. பொணம் ஊட்டுக்குள்ள கெடக்குது, எனக்கு நிம்மதியா இருக்குது. நான் என்ன மனுசன் சார்?" துண்டைப் பிழிந்தார். "ஆனா ஒண்ணு சொல்லுங்க. கவனிக்கலன்னு ஒரு வார்த்தை. அத அக்கா சொல்லியிருந்தா என்ன கொறஞ்சிருக்கும்? அவனுகளுக்கும் எனக்கும் வித்தியாசமில்லையா?"

"வித்தியாசத்தையும் எழுதிக்கச் சொன்னாங்களே, முருகேசன்."

"சொன்னாங்க. எழுதுனாங்களா?"

எழுதினார்கள். சாட்சியத்தின் நகலில் அந்த வரி இருக்கிறது. அதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. கிளம்பும்போது, "அந்தப் பையன் நெனப்பு வருதுங்க. தூங்க முடியல," என்று மட்டும் சொன்னார். அதை அவர் தெய்வானையம்மாளிடம் சொல்லியிருக்கலாம். இனி முடியாது.

கொலைகளையும் தீர்ப்புகளையும் எழுதியே எனக்கு வயதாகிவிட்டது. ஒருவர் நல்லவராகவும் ஒருவர் கெட்டவராகவும் இருந்தால் செய்தி சீக்கிரம் முடியும். தெய்வானையம்மாள் தன் உயிரைக் காத்தவரின் பெயரைக் கூண்டில் சொன்னார். காத்தவர் என்பதையும் அதே மூச்சில் சொன்னார். ஒன்றைச் சொல்ல மற்றதைக் குறைக்கவில்லை. கணவரின் கொலையாளிகள் தப்பிவிடுவார்களோ என்ற பயத்திலும், தெரு தன்னைக் கைவிடும் என்று தெரிந்தும் அப்படிச் சொன்னார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அதனால்தான் இங்கே முருகேசனின் கையில் விழுந்த வெட்டையும், அவர் கையால் போன கண்ணையும் சேர்த்தே எழுதினேன்.